மாத்திரைக்கு வருகிறவள்

என் மகள் தங்கத்தாய் செத்து இரண்டு ஆடி ஆகிறது. அவள் அப்பா மாத்திரை தின்றால் வருவாள். தின்னாவிட்டால் வரமாட்டாள். இதைக் கேட்டுச் சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்ளுங்கள், நான் ஒன்றும் சொல்லவில்லை. சிரித்துவிட்டு என் வீட்டு வாசல்படி மட்டும் ஏறாதீர்கள்.

என் வீட்டுக்காரர் வேல்ராஜ், பாவூர்சத்திரம் மார்க்கெட்டிலிருந்து காய்கறி ஏற்றி லோடு வண்டி ஓட்டியவர். எனக்குச் சொந்த அத்தை மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் அத்தான், பின்னாலும் அத்தான். சாரல் காலத்தில் ஒரு சாயங்காலம் செங்கோட்டையில் லோடு இறக்கிவிட்டுத் திரும்பும்போது, பள்ளிக்கூடத்து வாசலில் மழைக்கு ஒதுங்கி நின்ற பிள்ளையை வண்டியில் ஏற்றிக்கொண்டார். எதிரே குற்றாலத்துக்குக் குளிக்க வந்த கூட்டத்தின் வேன் ஒன்று வழுக்கிக்கொண்டு வந்தது. பிள்ளை அந்த இடத்திலேயே போய்விட்டாள். பதினோரு வயது. அத்தான் பிழைத்தார். நெஞ்சுக்குக் கீழே உள்ளது எதுவும் அதன் பிறகு அவர் சொன்னபடி கேட்கவில்லை.

ஊர் அவருடைய காலுக்காக மட்டும்தான் அழுதது. இலஞ்சியில் எங்கள் தெருவுக்குள் சக்கர நாற்காலி வந்தால் எல்லாரும் உச்சுக்கொட்டுவார்கள். முதுகுத்தண்டு போனால் மூத்திரப்பையும் போகும் என்று எவருக்குத் தெரியும்? எனக்கே தெரியாது. நிறைந்தால் அவருக்குத் தெரியாது, விடச் சொன்னால் விடத் தெரியாது, ஆனால் பை மட்டும் தன் இஷ்டத்துக்கு முறுக்கிக்கொள்ளும். முறுக்கினால் வேட்டி நனையும். அதைவிட மோசம், உள்ளேயே மேலே ஏறிப் போய்க் கிட்னியில் முட்டும். அதற்காக நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, மெல்லிய டியூபில் ஜெல்லி தடவி உள்ளே விட்டு மூத்திரத்தை எடுக்க வேண்டும். பை முறுக்காமல் அடங்கிக் கிடக்க மாத்திரை கொடுக்க வேண்டும். தென்காசியில் எங்களுக்குப் பார்க்கிற டாக்டர் பாஹிமா முதல் நாளே சொல்லிவிட்டார்.

"கால் நடக்காம நூறு வயசு வரை இருக்கலாம்மா. கிட்னி போச்சுன்னா முடியாது. டியூபையும் மாத்திரையையும் விட்டுராதீங்க."

விடவில்லை. நான் எதை விட்டேன்?

அந்த மாத்திரை பையை மட்டும் அடக்கியிருந்தால் பரவாயில்லை. உடம்பில் உள்ள ஈரத்தையெல்லாம் சேர்த்து அடக்கியது. வாய் உலர்ந்து நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். எலுமிச்சை மிட்டாயைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டுதான் பேசுவார். வேர்வை கிடையாது. பிள்ளையின் முதல் வருஷத் திதியன்று வீடே அழுதது, அவர் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. வந்திருந்த சொந்தக்காரர் ஒருத்தர் வெளியே போய், பிள்ளையைக் கொன்றுவிட்டுக் கல்லு மாதிரி கிடக்கிறான் என்றாராம். அந்தப் பேச்சு எப்படியோ அவர் காதுக்கும் வந்துவிட்டது.

"ஏட்டி வள்ளி, எனக்கு உள்ள அழுகை முட்டிக்கிட்டு வருது," என்றார் என்னிடம். "கண்ணு மணல் கொட்டுன மாதிரி காஞ்சு கெடக்கு. இந்தச் சவத்து மாத்திரை அழக்கூட விடமாட்டேங்கு."

எனக்கு அந்தச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய் நாலு கேள்வி கேட்டுவிட்டு வர வேண்டும் போலிருந்தது. டியூப் எடுக்க நேரமாகிவிட்டது, போகவில்லை.

இந்த வருஷம் சாரல் தொடங்குகிற நேரத்தில் ஸ்கேன் எடுத்ததில் ஒரு பக்கத்துக் கிட்னி லேசாக வீங்கியிருந்தது. பை இன்னும் முறுக்குகிறது, இரண்டு வேளை மாத்திரை போதவில்லை என்று டாக்டர் மூன்று வேளையாக்கினார். வித்தியாசமாக ஏதாவது தெரிந்தால் உடனே வரச் சொன்னார்.

மூன்று வேளையாக்கிய அந்த வாரத்தில் ஒரு மத்தியானம். வெளியே சாரல் தூறிக்கொண்டிருந்தது. கட்டிலில் தலையணையை அண்டக் கொடுத்து அவரை உட்கார வைத்து, ரசம் சோறு பிசைந்து கொண்டிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டிலின் கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏட்டி, பிள்ளை நனைஞ்சிட்டு வந்து நிக்கா. துண்டு எடுத்துக் குடு."

"எந்தப் பிள்ளை?"

"என்னட்டி கேக்க? நம்ம பிள்ளைதான். யூனிபார்மோட நிக்கா. ஒரு கால்ல செருப்பு இல்ல."

கையிலிருந்த சோறு தட்டிலேயே விழுந்துவிட்டது. பிள்ளையைச் சொன்னதற்குக்கூட அல்ல. செருப்பைச் சொன்னதற்கு.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கல்யாணம் ஆகாமல் செத்துப்போகிற பெண்பிள்ளை அந்த வீட்டுக்குக் கன்னி ஆகிவிடுவாள். கூடவே இருந்து வீட்டைக் காப்பாள் என்பார்கள். ஓலைப்பெட்டியில் அவளுக்குப் புதுப் பாவாடை சட்டை, வளையல், ரிப்பன், பவுடர் டப்பா எல்லாம் வைத்து உள்ளறையில் தொங்கவிடுவோம். வருஷத்துக்கு ஒரு நாள் பெட்டியை இறக்கி, புதுத்துணி மாற்றி, அவளுக்குப் பிடித்த பண்டம் வைத்துக் கும்பிடுவோம். எங்கள் வீட்டில் அது ஆடிக் கடைசி வெள்ளி. தங்கத்தாய்க்கும் ஒரு பெட்டி தொங்குகிறது. அதில் பாவாடைக்கு அடியில் ஒற்றைச் செருப்பு ஒன்றை நான் ஒளித்து வைத்திருந்தேன். அன்று ஆஸ்பத்திரியில் பிள்ளையோடு அந்த ஒரு செருப்பைத்தான் கொடுத்தார்கள். இன்னொன்று எங்கே போனதோ, ரோட்டோரம் தேடியும் கிடைக்கவில்லை. சாமிப் பெட்டியில் செருப்பா என்று அத்தானின் அக்கா ஆடித் தீர்த்துவிடுவாள் என்பதால் நான் ஒருவரிடமும் மூச்சு விடவில்லை. அத்தானோ அன்றைக்கு நினைவு தப்பிக் கிடந்தவர்.

பிறகு எப்படித் தெரிந்தது?

துண்டை எடுத்துக்கொண்டு கால்மாட்டில் போய் நின்றேன். அங்கே ஒன்றுமில்லை. கட்டில் கம்பிதான் இருந்தது. "எங்கன நிக்கா?" என்றேன்.

"அங்கன இல்ல, கொஞ்சம் தள்ளி. ம். குனி. இன்னும் கொஞ்சம். ஆ, இப்ப உன் கன்னம் அவ தலைமேல இருக்கு."

வெறும் காற்றில் கன்னத்தை வைத்துக்கொண்டு நின்றேன். எதிரே சுவர். மேலே ஓட்டில் தண்ணீர் சொட்டுகிற சத்தம். ஈரத் தலை வாடை ஏதாவது வருகிறதா என்று மூச்சை இழுத்து இழுத்துப் பார்த்தேன். ரசத்து வாடைதான் வந்தது. எனக்கு வந்ததே ஒரு கோபம். பத்து மாதம் சுமந்தது நான். தலைவாரிவிட்டது, பேன் பார்த்தது, அடித்தது, கொஞ்சியது எல்லாம் நான். வந்தவள் அப்பனுக்கு முன்னால் வந்து நிற்கிறாள். ஏ மூதி, என்னை ஒரு தடவை ஏறிட்டுப் பார்த்தால் உனக்கு என்ன குறைந்துவிடும் என்று அந்தக் காற்றைப் பார்த்துக் கத்தினேன்.

"ஏட்டி சும்மா கெட. நீ கத்துத, அவ சிரிக்கா," என்றார் அத்தான்.

சிரிக்கிறாள் என்றதும் என் கோபம் போய்விட்டது. நானும் சிரித்தேன். அழுதேனா சிரித்தேனா என்று சரியாகச் சொல்லத் தெரியவில்லை.

அதன் பிறகு தினமும் வந்தாள். மாத்திரை தின்று ஒரு மணி நேரம் போனால் வருவாள். கொஞ்சம் கொஞ்சமாகப் பேசவும் ஆரம்பித்தாள். பெரிதாக ஒன்றுமில்லை. தங்கத்தாய் என்று கிழவி பெயர் வைத்துவிட்டீர்கள், பள்ளிக்கூடத்தில் எல்லாரும் கேலி செய்கிறார்கள், என்னைத் தன்யா என்று கூப்பிடு என்பாளாம். உயிரோடு இருந்தபோதும் அதே சண்டைதான். அத்தான் சொல்லச் சொல்ல நான் பதில் சொல்வேன். "சரிட்டி தன்யா, போதுமா?" என்பேன். அடுப்பில் வேலை கிடந்தாலும் மாத்திரை நேரத்தை நான் தப்பவிட்டதில்லை. டம்ளரில் தண்ணீரோடு நான் முன்னால் போய் நின்றால், அத்தான் வாயைத் திறந்து தயாராக இருப்பார். அவள் வந்துவிட்டுப் போன பிறகு அந்த அறைக்குள் இருக்க எனக்குப் பயமாக இருக்கும். அவள் வராத நேரம் அதைவிடப் பயமாக இருக்கும்.

எனக்கு மூளை இல்லாமல் இல்லை. மாத்திரைக்கும் அவளுக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது என்று இரண்டாம் நாளே எனக்குப் பட்டுவிட்டது. தென்காசிக்குச் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் பாஹிமா நேராகவே கேட்டார்.

"வேற எதாச்சும் தொந்தரவு இருக்கா? குழப்பம், மறதி, இல்லாத ஆளு இருக்கிற மாதிரி தெரியுறது?"

"அதெல்லாம் ஒண்ணும் கெடையாது டாக்டர்," என்றேன். அத்தானும் அதே மூச்சில், "இல்ல டாக்டர்," என்றார். இரண்டு பேரும் சுவரில் இருந்த கிட்னி படத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சொன்னால் மாத்திரையை நிறுத்துவார். நிறுத்தினால் பிள்ளை போய்விடுவாள். ஒரு தடவை போனவளை இன்னொரு தடவை அனுப்ப எந்தத் தாய்க்கு மனசு வரும்? விபத்துக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேரும் ஒரே மனசாக இருந்தது அந்தப் பொய்யில்தான். ஆட்டோவில் திரும்பும்போது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார்.

அத்தானின் அக்கா நிர்மலாதேவிக்கு விஷயம் தெரிந்த பிறகுதான் எல்லாம் கெட்டது. மதினி இருப்பது கீழப்பாவூரில். வாரம் ஒரு தடவை தம்பியைப் பார்க்க வருவாள். நல்லவள்தான், ஆனால் எதையும் பாதியில் விடத் தெரியாது. அவள் உட்கார்ந்திருக்கும்போதே அத்தான் கால்மாட்டைப் பார்த்துப் பேச ஆரம்பித்துவிட்டார். மதினி ஒரு நிமிஷம் பார்த்தாள், பிறகு குலவை போட்டுவிட்டாள்.

"கன்னி எறங்கிட்டா! என் தம்பி வீட்டுக் கன்னி எறங்கிட்டா வள்ளி!" என்று கட்டிலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். "தாயி, என் மவளுக்கு இழுத்துக்கிட்டே போகுது, இந்த ஆவணிக்குள்ள மாப்பிள்ளை அமையுமா? ஒரு வாக்குச் சொல்லு."

அத்தான் கால்மாட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அவ கம்பளிப்பூச்சியப் பாத்துக்கிட்டு இருக்காக்கா. சன்னல்ல போகுதாம்."

மதினி யோசித்தாள். கம்பளி என்றால் வடக்கே இருந்து வருகிற மாப்பிள்ளை என்று அவளாகவே முடிவு செய்துகொண்டாள். எனக்கு எரிச்சலாக வந்தது. என் பிள்ளை கம்பளிப்பூச்சியைப் பார்க்க வந்திருக்கிறாள், இவள் மாப்பிள்ளை கேட்கிறாள். ஆனால் நான் வாயை மூடிக்கொண்டேன். தங்கத்தாய் வந்திருக்கிறாள் என்று இன்னொரு வாய் சொல்லக் கேட்டது எனக்கு அவ்வளவு ஆறுதலாக இருந்தது.

மாத்திரை விஷயத்தையும் மதினி கண்டுபிடித்துவிட்டாள். ஆனால் அவள் கணக்கு வேறு மாதிரி போனது. கன்னிக்கு அந்த மாத்திரை பிடித்துப் போய்விட்டது, அதைக் கொடுத்தால்தான் இறங்குவாள் என்றாள். அதிலிருந்து மாத்திரையை ஓலைப்பெட்டிக்கு முன்னால் வைத்து, திருநீறு போட்டுத்தான் தம்பி வாயில் கொடுப்பாள். நல்ல கூத்து. மூத்திரம் ஒழுகாமலிருக்கக் கொடுத்த மருந்து எங்கள் வீட்டில் படையல் ஆகிவிட்டது.

ஆடியில் நடுவிலே ஒரு வெள்ளிக்கிழமை. மதினியை அத்தானிடம் விட்டுவிட்டு நான் ரேஷன் கடைக்குப் போயிருந்தேன். கூட்டம், வர நேரமாகிவிட்டது. மதினி அன்றைக்குத் தன் மகள் ஜாதகத்தை மடியில் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். கம்பளிப்பூச்சி போதாது, கன்னி தெளிவாக வந்து வாயைத் திறக்கட்டும் என்று, நான் கொடுத்துவிட்டுப் போன ஒரு மாத்திரைக்கு மேல் ஒன்று கொடுத்திருக்கிறாள். வராததால் இன்னும் இரண்டு.

நான் திரும்பி வந்தபோது அத்தான் முகம் செக்கச் செவேலென்று இருந்தது. தொட்டால் தோசைக்கல் மாதிரி சுட்டது, ஒரு பொட்டு வேர்வை இல்லை. உதடு வெடித்திருந்தது. விரலால் காற்றிலிருந்து எதையோ பிய்த்துப் பிய்த்துப் போர்வையில் போட்டுக்கொண்டிருந்தார். கண்மணி பெரிதாகி, கண் முழுவதும் கருப்பாக இருந்தது. அறைக்குள் ஒரு கூட்டமே நிற்பது போல அங்கும் இங்கும் திரும்பித் திரும்பிப் பேசினார். மதினி மூலையில் ஒண்டி நின்றாள்.

"அத்தான், அத்தான், என்னப் பாருங்க," என்று அவர் முகத்தை இரண்டு கையாலும் பிடித்தேன்.

அவர் பார்த்தார். என் முகத்தை நன்றாகப் பார்த்தார். பிறகு என் தோளுக்குப் பின்னால் பார்த்துக் கேட்டார்: "ஏ தங்கம், இந்தப் பொம்பளை யாரு? உங்கம்மைய எங்க?"

பிள்ளையைப் பெற்றெடுத்தவளை, தினமும் டியூப் விட்டு மூத்திரம் எடுக்கிறவளை, யார் என்று செத்த பிள்ளையிடம் விசாரிக்கிறார். அவள் அவரைப் பார்க்க வரவில்லை, கூட்டிக்கொண்டு போக வந்திருக்கிறாள் என்று அப்போது தோன்றியது. எனக்கு என் மகள்மேல் பயம் வந்தது. பெற்ற பிள்ளையைக் கண்டு பயப்படுகிற நிலைமை எந்தத் தாய்க்கும் வரக்கூடாது.

"மதினி, அந்தத் துண்ட நனைச்சு அவர் மேல போடுங்க!" என்று கத்திவிட்டு 108க்குப் போன் போட்டேன்.

தென்காசியில் இரண்டு நாள் படுக்க வைத்தார்கள். உடம்பு சூடு இறங்கியது. வயிறு வேறு பல நாளாகப் போகாமல் கல்லாகக் கிடந்தது, அதையும் சரி செய்தார்கள். மதினி ஆஸ்பத்திரி நடையில் உட்கார்ந்து தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். நான் அவளைத் திட்டவில்லை. திட்ட எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? டாக்டர் பாஹிமாவிடம் முதல் நாளிலிருந்து நடந்ததை எல்லாம் கொட்டிவிட்டேன். அவர் கோபப்படாமல் கேட்டார்.

"அந்த மாத்திரை சில பேருக்கு மூளைக்குள்ள போயிரும்மா. அப்ப இல்லாத ஆளெல்லாம் தெரியும், பேசும். மனசுல யாரு இருக்காங்களோ அவங்கதான் வருவாங்க. ஜாஸ்தி ஆனா இந்த மாதிரி ஆளையே கொன்னுரும். இனி அது வேண்டாம். வேற வகை மாத்திரை ஒண்ணு இருக்கு. வாய் உலராது, கண்ணு உலராது, மூளையக் குழப்பாது. பிரஷர் மட்டும் அடிக்கடி பாக்கணும். அதுக்கும் பை அடங்கலைன்னா ஊசி போடலாம்."

"அப்ப செருப்பு?" என்றேன். எனக்குக் குரல் உயர்ந்துவிட்டது. "ஒரு கால்ல செருப்பு இல்லன்னு அவருக்கு யாரு சொன்னா? நான் சொல்லல. பெட்டிக்குள்ள எனக்கு மட்டும் தெரிஞ்சு வச்சிருக்கேன். மாத்திரைக்கு எப்படித் தெரியும் டாக்டர்?"

அவர் பேனாவை மூடி வைத்தார். "ஆஸ்பத்திரில யாராச்சும் பேசுனது காதுல விழுந்திருக்கலாம். வண்டியில அவரே பாத்திருக்கலாம். எனக்குத் தெரியலம்மா. மருந்தப் பத்தி எனக்குத் தெரியும். செருப்பப் பத்தித் தெரியாது."

புது மாத்திரைச் சீட்டை நீட்டினார். அதை வாங்கினால் பிள்ளை போய்விடுவாள் என்று எனக்குத் தெரியும். வாங்காவிட்டால் அத்தான் போய்விடுவார். திறந்து கிடந்த கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் அவர் படுத்திருந்தார். என்னைப் பார்த்ததும், "ஏட்டி, தண்ணி தா," என்றார். ஏட்டி என்றார். அது போதும் என்று சீட்டை வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்த பிறகு அவர் நாளுக்கு நாள் தெளிந்தார். வாயில் எச்சில் ஊறியது. ரெண்டு வருஷத்துக்குப் பிறகு ரசத்தில் உப்புக் குறைவு என்று குறை சொன்னார். நெற்றியில் வேர்வை அரும்பியதைப் பார்த்து மதினி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பை அடங்கியிருந்தது, வேட்டி நனையவில்லை. எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் கால்மாட்டையே பார்த்துக்கொண்டு கிடப்பார். நான் தட்டைக் கழுவுகிற சாக்கில் நின்று அவர் முகத்தைப் பார்ப்பேன். சாயங்காலம் வரை இரண்டு பேரும் காத்திருப்போம்.

ஒரு நாள் கேட்டார்: "ஏட்டி, அந்தப் பழைய மாத்திரை மிச்சம் கெடக்கா? ஒண்ணே ஒண்ணு. சொல்லாமப் போயிட்டா. போய்ட்டு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போகட்டும்."

"எல்லாத்தையும் குப்பையில போட்டுட்டேன்," என்றேன்.

போடவில்லை. நாலு மாத்திரை மிச்சமிருந்தது. ஓலைப்பெட்டியில் செருப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தேன்.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. உச்சிப் பொழுதுக்குப் பெட்டியை இறக்கி அத்தான் கட்டிலுக்குப் பக்கத்திலேயே வைத்தோம். தங்கத்தாய்க்குப் பிடித்த அச்சுமுறுக்கு, ரம்புட்டான் பழம், புதுப் பாவாடை. மதினி பழைய பாவாடையை உருவியபோது ஒற்றைச் செருப்பு தரையில் வந்து விழுந்தது. மாத்திரைப் பட்டையை நான் சட்டென்று முந்தானைக்குள் மறைத்துக்கொண்டேன். மதினி செருப்பைக் கையில் எடுத்தாள், கண்ணில் ஒற்றித் திரும்பவும் பெட்டிக்குள் வைத்தாள். அத்தான் அந்தச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சூடம் காட்டினோம். மதினி தயங்கித் தயங்கி, "வந்தாளா லே?" என்றாள். அத்தான் தலையை ஆட்டினார். இல்லை.

மதினி பஸ்ஸுக்குப் போனாள். அத்தான் கண்ணயர்ந்தார். நான் அடுக்களையில் நின்று அந்த நாலையும் வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தேன். பைத்தியக்காரத்தனம் என்று தெரிந்துதான் செய்தேன். அவருக்கு அத்தனை நாள் வந்தாள். எனக்கு ஒரு தடவை. ஒரே ஒரு தடவை என் முகத்தைப் பார்த்து அம்மா என்று சொல்லிவிட்டுப் போகட்டும். அதற்கு நான் என்ன விலை வேண்டுமானாலும் கொடுப்பேன்.

கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்தேன். முதலில் வாய் காய்ந்தது. பிறகு நெஞ்சு படபடவென்று அடித்தது. சன்னல் வெளிச்சம் கண்ணைக் குத்தியது, சுவரில் இருந்த காலண்டர் எழுத்தெல்லாம் கலைந்து போனது. வாட்டி வாட்டி என்று உள்ளுக்குள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தேன். தன்யா என்றும் கூப்பிட்டேன். வெளியே சாரல் நின்று தென்னைமட்டை ஒன்று விழுந்தது. ஒரு நிமிஷம் நிலைப்படியில் ஏதோ அசைந்தது போலிருந்தது, போய்ப் பார்த்தால் கொடியில் கிடந்த என் சேலை. கொல்லைக்குப் போனால் அடிவயிறு நிறைந்து கிடக்கிறது, ஒரு சொட்டு இறங்கவில்லை. ரெண்டு வருஷமாக அவர் உடம்பு என்ன பாடு பட்டது என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது எனக்குப் புரிந்தது.

திரும்பி வந்தபோது அத்தான் விழித்திருந்தார். என் முகத்தைப் பார்த்தார். என் கண்ணைப் பார்த்தார். அவருக்குத் தெரியாத அடையாளமா அது?

"வள்ளி. வாயத் தொற."

திறந்தேன்.

"எத்தன தின்ன?"

"நாலு."

"அடிப் பாவி." கையை நீட்டி என்னை இழுத்துத் தன் பக்கத்தில் உட்கார வைத்தார். தலைமாட்டில் இருந்த தண்ணீரைத் தானே எடுத்து எனக்குப் புகட்டினார். "மூத்திரம் போச்சா?"

"இல்ல."

"டியூப் இருக்கு, ஜெல்லி இருக்கு. எடுத்துவிடத்தான் இங்க ஆளு இல்ல," என்றார். அந்த நிலைமையிலும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை. "கொஞ்சம் பாப்போம். தல சுத்துனா சொல்லு, டாக்டருக்குப் போன் போட்டுருவேன்."

"எனக்கு வரமாட்டேங்கா அத்தான்," என்றேன். நாக்கு ஒட்டிக்கொண்டு வார்த்தை பாதி பாதியாக வந்தது. "எவ்வளவு கூப்பிட்டுட்டேன். எனக்கு மட்டும் வரமாட்டேங்கா. நான் என்ன செஞ்சேன் அவளுக்கு?"

அவர் என் முதுகைத் தடவிக்கொண்டே கிடந்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "ஏட்டி. நீ கால்மாட்டப் பாத்துக்கிட்டு இருந்தா எப்படித் தெரியும்? அவ உன் பக்கத்துலல்லா உக்காந்திருக்கா."

நான் திரும்பப் போனேன்.

"திரும்பாத. லேசா குனி. இன்னும் கொஞ்சம். ஆ. இப்ப உன் கன்னம் அவ தலைமேல இருக்கு."

நான் குனிந்தேன். கண்ணை மூடிக்கொண்டேன். காற்றில் கன்னத்தை வைத்தபடி அப்படியே இருந்தேன்.

"தலை காஞ்சு போச்சு. நனையல," என்றார். "புதுப் பாவாடை கட்டியிருக்கா. காலப் பாரு வள்ளி, ரெண்டு கால்லயும் செருப்பு போட்டிருக்கா."

அவர் குரல் அந்த இடத்தில் உடைந்தது. நான் கண்ணைத் திறந்து அவரைப் பார்த்தேன். மங்கலாகத்தான் தெரிந்தது, ஆனால் தெரிந்தது. அவர் இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் இறங்கி, காதோரம் வழிந்து, தலையணையை நனைத்துக்கொண்டிருந்தது.

அந்த மாத்திரை தின்று பிள்ளையைப் பார்த்த ஒரு நாளும் அவர் கண்ணில் தண்ணீர் வந்ததில்லை. இப்போது அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பக்கத்தில் ஒருத்தியும் இல்லை.

எனக்கு ஓவென்று அழ வேண்டும் போலிருந்தது. கண் மணல் கொட்டினது போலக் காய்ந்து கிடந்தது. ஒட்டியிருந்த நாக்கைப் பிரித்தேன்.

"ஆமாத்தான், தெரியுது," என்றேன். "ரெண்டு கால்லயும் போட்டிருக்கா."